உட்காராத ஊழியர்

ராஜரத்தினம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரவே கூடாது. அதைக் கண்காணிக்க வைஃபை கருவி ஒன்றை மாட்டினார்.

"இதோட அலை ஆள்மேல பட்டுத் திரும்பும். எவ உட்கார்ந்தாலும் என் போன் கத்திரும். இதை யாரும் ஏமாத்த முடியாது!" என்று மார்தட்டியவர், அதன்பின் மாடியறையை விட்டு இறங்கவே இல்லை.

சேலைப் பிரிவு மரியபுஷ்பத்துக்குக் கால் வீங்கியிருந்தது. "அலைக்கு ஆள் தெரியும், முகமா தெரியும்?" என்றவள், தலையாட்டும் ஸ்டாண்டு ஃபேனைத் தன் இடத்தில் நிறுத்தி, பரோட்டா கட்டிவந்த வெள்ளித்தாளை அதில் தொங்கவிட்டாள். போன் கத்தவில்லை. ஃபேனுக்குப் பின்னால் அந்தப் பிரிவுப் பெண்கள் முறைவைத்து உட்கார்ந்து காலை நீவிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் அண்ணாச்சி கீழே இறங்கிவந்து எல்லாரையும் கூட்டினார். "ஒரு நிமிஷம்கூட உட்காராதது சேலைப் பிரிவுதான்னு மெஷினே சொல்லுது. அதுக்குப் பரிசா இந்த வெள்ளி விளக்கை வாங்கிக்க வா, மரியபுஷ்பம்!"

அவள் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நின்னது இதுதான் அண்ணாச்சி. நீங்க எதைச் சொன்னாலும் தலையும் ஆட்டும். விளக்கை இதுக்கே குடுங்க. எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் போதும்."

சேலை எடுக்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் தொங்கிப்போனது.

மறுநாள் ஸ்டூல்கள் வந்தன. "அப்பாடா!" என்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மாடியில் போன் கத்து கத்தென்று கத்தியது. அண்ணாச்சியே அதை அணைத்தார்.