அனுமதி வாங்காத நிலா

சீனத்தின் கிழக்குக் கரையில் ஒரு மாநகரம் இருந்தது. இரவு என்றாலே அந்த ஊருக்கு ஏதாவது ஒரு குறை தெரியும். நூடுல்ஸ் கடையில் பரிமாறச் சக்கரம் வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். பாட்டுக்கூடத்தில் துணையில்லாமல் பாட வந்தவர்களுக்குக் கைதட்ட ஒரு பெட்டியை வைத்தார்கள். மிச்சமிருந்தது வானம்தான். அதை மட்டும் விட்டுவைப்பார்களா?

அந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறவள் லான்யிங். அவள் கணவன் போவென் மேற்குக் கோடிப் பாலைவனத்தில் காற்றாலை பழுதுபார்க்கிறவன். இலையுதிர்கால நிலா விழாவுக்கு ஊரே குடும்பமாக உட்கார்ந்து நிலாவைப் பார்த்து, வட்டமான இனிப்பு அப்பத்தை வெட்டித் தின்னும். போவெனுக்கு மட்டும் லீவு கிடைக்காது.

நாடு முழுக்கக் கடிகாரத்தில் ஒரே நேரம்தான். ஆனால் மேற்குக் கோடியில் நிலா எழ நேரமாகும். அதனால் லான்யிங் வருஷா வருஷம் அப்பத்தை வெட்டாமல் காத்திருப்பாள். அங்கே நிலா எழுந்ததும் அவன் போன் பண்ணுவான். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு முதல் துண்டைத் தின்பார்கள். அவர்களுக்கு விழா என்பதே அவ்வளவுதான்.

நிலாவுக்கும் இது தெரியும். அந்த ஜோடிக்காகவே அன்றைக்கு முகம் கழுவிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் வந்து பார்த்தால், அதன் இடத்தில் இன்னொரு நிலா. ஆயிரக்கணக்கான ட்ரோன்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வட்டமாக நின்றன. நல்ல மஞ்சள், ஒரு கறை கிடையாது. கீழே ஓர் அப்பக் கம்பெனியின் பெயர் வேறு.

"யாருங்க அது? ஓரமா நில்லுங்க, ஷோ நடக்குது" என்றது கடைசியில் நின்ற ட்ரோன்.

"நான்தான்ப்பா, நிலா."

"பறக்க அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"இல்லையே. ரொம்ப நாளா இப்படியே வந்துக்கிட்டிருக்கேன்."

"நல்லாயிருக்கு. மேகம் வந்தா மறைஞ்சிடுறீங்களாம். மாசத்துல ஒருநாள்தான் முழுசா வர்றீங்களாம். இதெல்லாம் ஒரு வேலைங்களா?"

நிலா கணக்குப் பார்த்தது. ஒன்றும் பொய்யில்லையே.

"இங்க பாருங்க" என்றது ட்ரோன். ட்ரோன் நிலா ஒரு கண்ணைச் சிமிட்டியது. ஆற்றங்கரைக் கூட்டம் ஆர்ப்பரித்தது. "உங்களால முடியுமா?"

"முடியாது. ஆனா கீழ ஒரு பொண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. அவ பார்த்தாப் போதும்."

"அந்தப் பொண்ணா? அவங்க எங்களை வீடியோ எடுத்துக்கிட்டிருக்காங்க."

நிலா எட்டிப் பார்த்தது. மடியில் அப்பப் பெட்டியோடு லான்யிங் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிலா கட்டடங்களைத் தாண்டி, அவள் கண்ணில் படும்படி அவசர அவசரமாக மேலே ஏறியது.

லான்யிங்குக்குப் பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். "அங்க பாரும்மா, ஒண்ணு கூட்டத்தை விட்டுத் தனியாப் போயிடுச்சு. ரிப்பேர் போல."

லான்யிங் நிலாவை நேராகப் பார்த்தாள். "ஆமா, பாவம்" என்று சிரித்துவிட்டு மறுபடியும் வீடியோ எடுக்கப் போனாள்.

பேட்டரி தீரும் நேரத்துக்கு ட்ரோன்கள் வரிசை குலையாமல் இறங்கின. எல்லாரும் அப்பத்தை வெட்டினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக லான்யிங்கும் வெட்டினாள், தின்றாள், வெறும் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். தொட்டி நன்றி சொன்னது.

அப்போதுதான் போன் அடித்தது.

"லான்யிங், இங்க இப்பத்தான் எழும்புது" என்றான் போவென். காற்றில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது. "கத்தியோட வெளிய நிக்கிறேன். நீயும் மேல பாரு. வெட்டலாமா?"

ஆற்றங்கரை காலியாகிவிட்டிருந்தது. அவள் தலைக்கு மேலே நிலா நின்றது, முழுசாக.

"நீ லேட்டு" என்றாள் லான்யிங். "இங்க நிலா முடிஞ்சிடுச்சு. இப்பத்தான் அணைச்சாங்க."