ரஞ்சிதத்துக்குப் பிடித்தது

கொடைக்கானலில் ஸெலின் என்றொரு பெண் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்றுவந்தாள். வயது நாற்பதைத் தொடவில்லை. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பாதிப் பேரை வாசலோடு அனுப்பிவிடுவாள். உள்ளே விட்டவர்களிடமும் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்கு ஒரு பதில், இல்லாவிட்டால் கையில் ஒரு வேலை, அவ்வளவுதான். ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள், தலை நரைத்தவர்கள்கூட.

அப்படி நரைத்தவர்களில் ஒருவர் வீரணன். வத்தலக்குண்டுக்காரர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பஸ் ஏறி மலைக்கு வந்து, நனைந்த சட்டையோடு அவள் சமையலறை வாசலில் நின்றார்.

“ஒரே ஒரு ஐட்டம் கத்துக் குடுத்தாப் போதும் டீச்சர். உள்ள பழம் வச்ச உருண்டை. வாயில போட்டா தானாக் கரையணும்.”

“கடை போடப் போறீங்களா சார்?”

“இல்ல. என் சம்சாரத்துக்கு.”

அவர் மனைவி ரஞ்சிதத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரியில் கதிர் பாய்ச்சி, கரண்டு வைத்துப் பார்த்தார்கள். நோய் போகவில்லை, நாக்கின் ருசிதான் போனது. இனி வீட்டுக்குக் கூட்டிப் போய் வேண்டியதைக் கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கஞ்சியும் பாலும் சொட்டுச் சொட்டாக இறங்குகின்றன. எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

“இங்கேயே வாங்கிட்டுப் போகலாமே.”

“வாங்கிட்டுப் போனேன். மெழுகுவத்தி மாதிரி இருக்குன்னு துப்பிட்டா.” வீரணன் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆன புதுசுல இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன். பழம் வச்ச சாக்லேட் வாங்கிக் குடுத்தேன். மலையிறங்குற வரைக்கும் முழுங்காம வாயிலயே ஒதுக்கி வச்சிருந்தா. அம்புட்டுப் பிடிச்சுது அவளுக்கு. அதை ஒருதடவை என் கையால செஞ்சு குடுத்துடணும்.”

“உள்ள என்ன பழம்?”

“அது... ஞாபகம் இல்ல.”

“சரி, அவங்களுக்கு என்ன பழம் பிடிக்கும்?”

வீரணன் யோசித்துப் பார்த்தார். மாம்பழம் அறுத்தால் சதையை அவருக்கு வைத்துவிட்டுக் கொட்டையை அவள் எடுத்துக்கொள்வாள். கொட்டைதான் அவளுக்குப் பிடிக்குமோ? வாழைப்பழத்தில் அடிபட்டதைத் தின்பாள். அதுவா பிடிக்கும்?

“கேட்டுட்டு வாங்க,” என்றாள் ஸெலின்.

“இதைக் கேக்கவா கீழ போயிட்டு வரணும்? அவளுக்கு நாள் இல்ல டீச்சர்.”

ஸெலின் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் திரும்பி வந்தபோது வீரணனின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

“கேட்டேன். உங்களுக்கு எது பிடிக்குமோ அதான் எனக்கும்னு சொல்லிட்டா.”

ஸெலின் அடுப்பிலிருந்து திரும்பினாள்.

“உங்களுக்கு எது பிடிக்கும் சார்?”

“ஸ்ட்ராபெர்ரி. நல்லா இனிப்பா இருக்கணும்.”

“அப்ப அதையே செய்யுங்க.”

அன்று முழுக்க அவர் அந்தச் சமையலறையில் நின்றார். சாக்லேட்டைப் பொடிப் பொடியாக நறுக்கினார். பழத்தைச் சர்க்கரையோடு சேர்த்துத் தண்ணீர் சுண்டும்வரை கிண்டினார். கொதிக்கும் க்ரீமைச் சாக்லேட் மேல் ஊற்றிவிட்டு உடனே கரண்டியை எடுத்தார்.

“கலக்காதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க.”

சும்மா இருப்பதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. பொறுக்க மாட்டாமல் கலக்கினார். கட்டி கட்டியாக நின்றது. மறுபடி நறுக்கினார். இந்தத் தடவை ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டார். சாக்லேட் ஈர மணல் மாதிரி இறுகிப்போயிற்று. மூன்றாவது தடவை பதம் வந்தது. ஆறவைத்து, இறுகிய பிறகு உள்ளங்கையில் வைத்து உருட்டினால் உருண்டை உருகிக் கையில் அப்பியது.

“கை கொதிக்குது சார். பச்சைத் தண்ணியில முக்கி வச்சுட்டு உருட்டுங்க.”

சாயங்காலம் ஒரு டப்பா நிறைய உருண்டைகள் தேறின. கோக்கோ தூளில் புரட்டியபோது கடையில் வைக்கலாம் போல இருந்தன. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார்.

“நல்லா இருக்கு டீச்சர்!”

“என்ன நல்லா இருக்கு?”

“நல்லா... இனிப்பா இருக்கு.”

உருகாமல் இருக்க ஐஸ் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து வீரணன் மறுபடி மலையேறி வந்தார். இந்த முறை ஒரு பூமாலையும் வாங்கி வந்திருந்தார், அங்கே சுவரிலிருந்த மாதா படத்துக்கு.

“நல்லா இருக்குன்னுட்டா டீச்சர்! எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவ வாயிலருந்து அந்த வார்த்தை வந்துச்சு.”

“எவ்வளவு சாப்பிட்டாங்க?”

“ஒண்ணு. ஒண்ணுல பாதி.”

“மிச்சம்?”

“எனக்குன்னு எடுத்து வச்சுட்டா. நான்தான் ஆசையா சாப்பிடுவேன்னு...” சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

ஸெலின் மாலையைப் படத்துக்குப் போட்டாள். போட்டுவிட்டு வந்து, “அவங்களுக்குப் பிடிக்கல சார்,” என்றாள்.

வீரணனுக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவள் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னாள், அதையும் பிடுங்க வேண்டுமா இந்தப் பெண்? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வழியெல்லாம் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். பஸ் மலையடிவாரத்தில் காட்ரோடு நிறுத்தத்தில் நின்றபோது திட்டு ஓய்ந்திருந்தது. வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ரஞ்சிதத்துக்கு அப்போது குரல் காற்றாகத்தான் வந்தது. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்.

“அந்த சாக்லேட் எப்படி இருந்துச்சு? நெசமா சொல்லு.”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“எனக்காகச் சொல்லாத. என் மேல சத்தியமா.”

அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். துணைக்கு வந்திருந்த அவள் தங்கை பாக்கியம் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தவள் மாதிரி ரஞ்சிதம் மெதுவாகச் சொன்னாள்:

“எனக்கு இனிப்பே ஆகாதுங்க.”

“என்ன சொல்ற?”

“சின்னதுலருந்தே ஆகாது. குமட்டும்.”

சம்பள நாள்தோறும் அவர் கையில் அல்வாப் பொட்டலத்தோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். தீபாவளிக்கு மைசூர்பாகு. பிரசவத்துக்குப் போனபோது ஆஸ்பத்திரிக்கு ஜாங்கிரி. எல்லாவற்றையும் அவள் இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

“அப்ப அன்னைக்கு? கொடைக்கானல்ல வாங்கிக் குடுத்தேனே, மலையிறங்குற வரைக்கும் வாயில வச்சிருந்தியே?”

“மலை வளைவுல வாந்தி வந்துச்சு. பஸ்ஸுல எடுத்துட்டா நீங்க சத்தம் போடுவீங்கன்னு அந்த சாக்லேட்டை வாயில அடக்கிட்டு இருந்தேன்.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “ஆனா உள்ள ஒரு பழம் இருந்துச்சு. நல்ல புளிப்பு. அதான் வாந்தியை நிப்பாட்டுச்சு. அது பிடிச்சுது.”

“இத்தனை வருஷத்துல ஒருதடவை சொல்லியிருக்கலாமே ரஞ்சிதம்.”

“நீங்க கேக்கலியே,” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

அன்று இரவு வீரணன் எதையும் சாப்பிடவில்லை. தட்டில் பாக்கியம் வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் யாரோடு இருந்தோம் என்று நினைத்தபோது உள்ளே எங்கோ ஒரு பலகை பெயர்ந்து விழுந்தாற்போல இருந்தது. அதைத் திரும்ப எடுத்து வைக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலைக்கு ஓடினார். ஸெலினிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை.

“புளிப்பு,” என்றார். “அவளுக்குப் புளிப்பு பிடிக்கும் டீச்சர்.”

ஸெலின் கூடையிலிருந்து, மலையில் கொடியில் காய்க்கும் புளிப்பான தாட்பூட் பழங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தோல் சுருங்கிப் பழுத்தவை. அறுத்து, விதையோடு இருந்த மஞ்சள் சாறை வழித்து வடிகட்டினார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தபோது காதோரம் கூசியது. சர்க்கரை டப்பாவை அவர் தொடவே இல்லை. கசப்புச் சாக்லேட்டை நறுக்கினார். சாறைச் சுண்டவைத்தார். க்ரீமை ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். இந்த முறை சும்மா இருக்க முடிந்தது. யாரும் சொல்லாமலே கையைப் பச்சைத் தண்ணீரில் முக்கினார்.

முடிந்ததும் ஒன்றை ஸெலினிடம் நீட்டினார். வாயில் போட்டவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“நீங்க சாப்பிடுங்க சார்.”

“எனக்கு இது பிடிக்காது,” என்றார் வீரணன். “இது அவளுக்கு.”

அவள் தலையசைத்து ஐஸ் பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனபோது ரஞ்சிதத்தின் பேச்சு நின்றிருந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை என்று பாக்கியம் அழுதாள். கண் மட்டும் திறந்திருந்தது. வீரணன் ஒரு உருண்டையை எடுத்தார். விழுங்க முடியாது என்று தெரிந்தது. நுனிவிரலால் கொஞ்சம் கிள்ளி, அவள் உதட்டைப் பிரித்து நாக்கில் தடவினார்.

“புளிப்பும்மா. சர்க்கரையே போடல. பாரு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் முகம் முழுவதும் சுருங்கியது. கண்கள் இறுக மூடின. ஓரத்தில் நீர் வழிந்தது. எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கிறாளா, தள்ளுகிறாளா?

“பிடிச்சிருக்கா ரஞ்சிதம்? ரஞ்சிதம், பிடிச்சிருக்கா?”

பிடி மெல்லத் தளர்ந்தது. அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எடுத்துப் போகும் முன் ஒப்பாரிச் சத்தத்துக்கு நடுவே பாக்கியம் அவர் காதருகே வந்து, ஆற்றமாட்டாமல் ஒரு வார்த்தை சொன்னாள். “வாயெல்லாம் புண்ணு மச்சான். அதுல போய்ப் புளிப்பை வச்சீங்களே.”

காரியம் முடிந்த மறுநாள் வீரணன் மலையேறினார். மொட்டையடித்த தலையில் துண்டைக் கட்டியிருந்தார். ஸெலின் அவரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். முக்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“ஒரே ஒரு கேள்வி டீச்சர். அதுக்காகத்தான் வந்தேன்.”

நடந்ததைச் சொன்னார். ரஞ்சிதத்தின் முகம் சுருங்கியது, கண்ணீர் வந்தது, கையைப் பிடித்தது. சொல்லும்போது தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக் காட்டினார்.

“அது ருசியா, வலியா? நீங்க சொல்லுங்க. அந்தப் பழம் எம்புட்டுப் புளிப்புன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதைச் சாப்பிட்டுக் கண்ணை மூடினீங்க. நான் பார்த்தேன்.”

ஸெலின் கையிலிருந்த துணியை மடித்து மேடையில் வைத்தாள்.

“ருசின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நம்பிக்கிட்டு மிச்ச நாளை ஓட்டிருவேன்.” கை கூப்பினார். “இல்லேன்னா வலின்னாவது சொல்லுங்க. கடைசி நேரத்துல அவ வாயில நெருப்பை வச்சவன் நான்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாகுறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் தெரியாம எனக்கு இருக்க முடியல.”

அவள் அருகில் வந்து அவர் கூப்பிய கைகளைப் பிரித்துவிட்டாள்.

“சார்,” என்றாள். “இத்தனை வருஷமும் அவங்க முகத்துக்கு நீங்களே அர்த்தம் சொல்லிக்கிட்டீங்க. இந்த ஒண்ணையாவது அவங்ககிட்டயே விட்டுடுங்க.”