நாட்டாமையின் மீசைக்கு ரெண்டு கை கூடுதல்

சிரிக்க வைக்கிறேன் என்று சொல்லித்தான் உங்களை உட்கார வைத்தேன். வைப்பேன். ஆனால் இப்போது இல்லை. முதலில் ஒரு மீசையைப் பார்த்தாக வேண்டும்.

உழக்குப்பட்டி நாட்டாமை ஒச்சப்பனின் மீசை அது. ஒரு நுனி இந்தக் காதில், மறு நுனி அந்தக் காதில். நடுவில் மிஞ்சியிருந்தவர்தான் நாட்டாமை. அதை முறுக்கியே ஊரை ஆண்டார். ஒருநாள் பக்கத்தூர் வேட்டைக்காரன் கொம்பையாவிடமும் முறுக்கினார்.

“நீ என்னடா பெரிய வேட்டைக்காரன்? பொழுது சாயறதுக்குள்ள நான் மான் பிடிக்கிறேன் பாரு. பிடிக்கலேன்னா இந்த மீசையை நீயே எடுத்துடு!”

கொம்பையா பணிவாகக் கும்பிட்டான். “மனுச வாடை அடிச்சா மான் கிட்ட வராதுங்க. உப்பையும் வெல்லத்தையும் குழைச்சுப் பூசிக்கோங்க. மீசைக்கு மட்டும் ரெண்டு கை கூடுதலா.”

“அது ஏன்டா?”

“எம்மாம் பெரிய மீசை! வாடையும் அந்த அளவுக்கு இருக்கும்ல?”

நாட்டாமைக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இன்னும் சிரிக்காதீர்கள். காட்டுக்கே போகவில்லை.

சன்னாசி, பெத்தணன் என்ற இரண்டு அறிவாளிகளோடு நாட்டாமை கிளம்பினார். ஒரு சட்டிக் கலவையில் முக்கால் சட்டி மீசைக்கே போயிற்று. காட்டோரத்தில் பெத்தணன் நின்றான்.

“வாடை இன்னும் வருது நாட்டாமை.”

“யாரு வாடைடா?”

“சொன்னா கோவிச்சுக்குவீங்க.”

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். சன்னாசி பஞ்சை உருட்டித் தன் மூக்கில் அடைத்துக்கொண்டான்.

“போயிருச்சு! சுத்தமாப் போயிருச்சு!”

பெத்தணனும் அடைத்துப் பார்த்தான். போயிருந்தது. நாட்டாமையும் அடைத்துப் பார்த்தார். மனுச வாடை ஒழிந்தது. மூன்று பேர் சாட்சி.

“அப்ப மான் கண்ணுக்குத் தெரிவோமே?” என்றான் பெத்தணன்.

“கண்ணை மூடுறா. யாராவது தெரியுறாங்களா?”

“இல்ல நாட்டாமை.”

“முடிஞ்சு போச்சு.”

மூவரும் கண்ணை மூடிக்கொண்டு புதரோரம் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாட்டாமையின் மூஞ்சியில் ஈரமாக ஏதோ பட்டது.

“டேய் சன்னாசி, வெல்லத்தை நக்காதே.”

“நான் பத்தடி தள்ளி இருக்கேன் நாட்டாமை.”

“அங்கேருந்தா? என்னா நாக்குடா உனக்கு!”

கறுக், கறுக்.

“மெதுவாடா, இழுக்குது!”

பொழுது சாய்ந்தது. கொம்பையா வந்து சேர்ந்தான். “மான் எங்கேங்க?”

“வந்தாத்தானே பிடிக்க?” என்று கண்ணைத் திறந்த நாட்டாமை, பழக்கதோஷத்தில் மீசையை முறுக்கினார். விரலுக்குள் காற்றுதான் இருந்தது. அந்தப் பக்கமும் முறுக்கிப் பார்த்தார். அங்கேயும் காற்று.

சற்றுத் தள்ளி ஒரு மான் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“நீயே எடுத்துடுன்னீங்க. எனக்குச் சவரக்கத்தி பிடிக்க வராதுங்க. அதான் ஆள் அனுப்பினேன்,” என்றான் கொம்பையா.

நாட்டாமை மானைப் பார்த்தார். கொம்பையாவைப் பார்த்தார். மூக்கிலிருந்த பஞ்சை மெல்ல உருவினார்.

“அடேய்... ரெண்டு கை கூடுதலா!”