சித்திரனின் கிரீடம்

ஒரு கணினிக்குள் ஓர் ஊர் இருந்தது. அந்தக் கணினி இருந்தது அருப்புக்கோட்டையில், மரகதவல்லியின் அழைப்பிதழ் கடையில். ஊரில் பெரிய ஆள் சித்திரன், பத்திரிகைப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள். அவனுக்குத் தமிழ் எழுத்துகளைக் கொண்டுவந்து கொடுப்பவள் எழுத்தாணி. கணினி விழிக்கும்போதே அவளும் தானாக விழித்துக்கொள்வாள். வாசலில் காவலன் நிற்பான்.

நேற்று ரிப்பேர்காரர் வந்து சித்திரனைப் புதிதாக ஏற்றினார். வீடு கட்டிக் குடியேற ஊரின் பூட்டுகளைத் திறக்க வேண்டுமே, அதற்காகக் காவலன் அவன் தலையில் 'அட்மின்' என்கிற நிர்வாகிக் கிரீடத்தை வைத்தான். வேலை முடிந்ததும் கழற்றியிருக்க வேண்டும். அதற்குள் ரிப்பேர்காரர், "தினமும் இதை அட்மினாவே தொறங்கக்கா, ஒரு தொந்தரவும் வராது" என்று மரகதவல்லியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்று காலையும் அவள் அப்படியே திறந்தாள்.

சித்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமேல் என்னிடம் கொஞ்சம் எட்டி நின்றே பேசு" என்றான் எழுத்தாணியிடம். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அப்போது பேச்சியம்மாள் கடைக்குள் வந்தாள். மகளுக்குக் காதுகுத்து. அண்ணன் வேலாண்டியோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, இப்போதுதான் ஒரு வழியாக மனம் இறங்கியிருந்தான்.

"மத்தியான பஸ்ஸுக்குப் போய் நேர்ல வைக்கணும்க்கா. பத்திரிகையில தன் பேரைப் பார்த்தாத்தான் வருவேன்னு அண்ணன் சொல்லிருச்சு. மாமன் மடியில வைக்காம பிள்ளைக்கு எப்படிக் காது குத்துறது?"

"உக்காரும்மா, இப்ப முடிச்சிரலாம்" என்றாள் மரகதவல்லி.

தட்டினாள். தாய்மாமன் என்று வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து விழுந்தன.

உள்ளே எழுத்தாணி கை நிறையத் தமிழ் எழுத்துகளோடு ஓடிவந்திருந்தாள். காவலன் குறுக்கே நின்றான். "கிரீடம் வைத்தவனைக் கிரீடம் இல்லாதவர்கள் தொடக் கூடாது. இந்த ஊர்ச் சட்டம்." ஊரின் படங்களையெல்லாம் சேர்த்துவைக்கும் படப்பெட்டி குழந்தையின் படத்தை இழுத்துக்கொண்டு வந்தான்; அவனையும் காவலன் திருப்பி அனுப்பினான்.

"இந்தத் தமிழ் சனியன் கெட்டுப்போச்சு போல. இதைத் தூக்கிட்டு வேற போடணும். மத்தியானத்துக்குள்ள ஆகாதும்மா" என்றாள் மரகதவல்லி. பேச்சியம்மாளின் கண் கலங்கிவிட்டது.

சித்திரனுக்குச் சுருக்கென்றது. தவறு தன் தலையில் இருக்க, பழி எழுத்தாணிமேல் விழுகிறதே!

"காவலா, அவளுக்கும் ஒரு கிரீடம் கொடு."

"அவளுக்குக் கொடுத்தால் படப்பெட்டி கேட்பான். நாளைக்கு எவனோ கொண்டுவரும் பென்டிரைவிலிருந்து குதிக்கிற திருடனும் கேட்பான். எல்லாப் பூட்டும் எல்லோருக்கும் திறந்துகிடந்தால் நான் எதற்கு இங்கே நிற்கிறேன்?"

"அப்படியானால் என்னுடையதைக் கழற்று!"

"ஓடிக்கொண்டிருப்பவன் தலையிலிருந்து கழற்ற முடியாது. நீ ஒரு தடவை விழுந்து எழ வேண்டும்."

விழுவதா? ஊரே பார்க்குமே! சித்திரன் ஒரு நொடி தயங்கினான். பிறகு அதுவரை செய்திருந்த பக்கத்தைப் பத்திரப்படுத்திவிட்டுத் தடாலென்று விழுந்தான்.

"ஐயையோ, இதுவும் மூடிக்கிச்சே!" மரகதவல்லி பதறினாள். பதற்றத்தில் ரிப்பேர்காரர் சொன்னது மறந்துபோய், எல்லோரையும் போல இரண்டு தட்டு தட்டித் திறந்துவிட்டாள். காவலன் கிரீடத்தை எடுக்காமல் ஒதுங்கி நின்றான்.

சித்திரன் வெறுந்தலையோடு எழுந்து வந்தான். எழுத்தாணி இன்னும் எட்டியே நின்றாள்.

"தொடலாமா?"

"அட, தொடு! சீக்கிரம் வா!"

வந்தாள். தாய்மாமன் வேலாண்டி என்ற பெயர் திரையில் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் குழந்தையின் படமும் வந்து சிரித்தது. ஊர் முழுக்க ஒரே ஆரவாரம். அச்சு இயந்திரம் மூச்சு விடாமல் பத்திரிகைகளைத் தள்ளியது.

"இப்பச் சும்மாதானே தொறந்தேன். அப்ப அட்மினாத் தொறந்ததுதான் வினையா!" என்று மரகதவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

பேச்சியம்மாள் மை காயாத பத்திரிகையைக் கையில் ஏந்திப் படித்தாள். "எங்கண்ணன் பேருதான் முதல்ல இருக்கு!" சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். மத்தியான பஸ் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. காதுகுத்து அன்று குழந்தை மாமன் மடியில்தான் அழுதது.

பத்திரிகை அடித்த மறுநாளே காவலன் சித்திரனைச் சீண்டியிருந்தான். "கிரீடம் சும்மாதான் கிடக்கிறது. எடுத்து உன் தலையில் வைக்கட்டுமா?"

"வீடு மாற்றும் நாளில் கொடு, வாங்கிக்கொள்கிறேன்" என்றான் சித்திரன். "மற்ற நாளில் என்னை யாரும் தொட முடியாதபடி செய்கிற எதுவும் என் தலைமேல் வேண்டாம்."