தேன் சொட்டாத கல்யாணப் பந்தி

முள்ளம்பன்றி வேலப்பனின் வீட்டில் கல்யாணக் களை கட்டியிருந்தது. ஆற்றங்கரை நாவல் மரத்தடியில் பந்தல் போட்டாயிற்று. ஒரே மகள் ஊசிமல்லிக்கு நல்ல இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளையும் தங்கமான பிள்ளை. வம்பு வந்தது சாப்பாட்டில்தான்!

ஊசிமல்லி ஒரே பிடியாக நின்றாள்.

"அப்பா, என் கல்யாணத்துக்கு வர்ற யாரும் இலையைப் பார்த்துக் கண்கலங்கக் கூடாது. கறி மீன் வேண்டாம். காட்டுக்கோழி அக்கா வர்றாங்க, அதனால முட்டை வேண்டாம். காட்டெருமை அத்தை கன்னுக்குட்டியோட வர்றாங்க, பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம். தேனும் வேண்டாம்!"

"தேன்கூடவா?" என்று வாயைப் பிளந்தார் வேலப்பன்.

"தேன்தான்ப்பா முக்கியமா வேண்டாம்!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காட்டுத் தேனீக்கள் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. எப்படிப் போவார்கள்? போகிற இடமெல்லாம் தங்கள் வீட்டுச் சொத்தே இலையில் வழிந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

ஊசிமல்லி அப்பாவைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு தேனீக்களின் பாறைக்கூட்டுக்கே போனாள். "உங்க வீட்டுப் பொருள் ஒரு சொட்டுகூட இருக்காது. குடும்பத்தோட வரணும்!" என்று ராணித் தேனீ பொன்னாத்தாவை அழைத்தாள். பொன்னாத்தா நம்பாமல் வேலப்பனைப் பார்த்தாள்.

"ஆமா தாயி. இது என் வாக்கு," என்றார் வேலப்பன்.

சொன்ன வாய் மூடவில்லை, மறுநாளே மாப்பிள்ளை வீட்டிலிருந்து மைனா பறந்து வந்தது.

"மாப்பிள்ளையோட தாய்மாமன் சடையாண்டி ஒரு சேதி சொல்லச் சொன்னார். தினைமாவு உருண்டையில தேன் தாராளமா இருக்கணுமாம்! இல்லாட்டி தலையாட்ட மாட்டாராம்!"

வேலப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முள்ளம்பன்றிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்து தினைமாவு உருண்டையை ருசி பார்ப்பார். அவர் 'சரி' என்று தலையாட்டினால்தான் மாலை மாற்றுவார்கள். தலையாட்டாவிட்டால் மாப்பிள்ளை வீடு வந்த வழியே திரும்பிவிடும். அதிலும் சடையாண்டி இருக்கிறாரே, குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர்! ஒரு கல்யாணத்தில் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று சண்டை போட்டவர்.

மகளிடம் சொல்லலாமா? சொன்னால் முகம் வாடிப்போவாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாமா? அனுப்பினால் கல்யாணமே நின்றுபோகும். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார் மனுஷன். கடைசியில் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், சமையல் கரடி கருத்தப்பாண்டியிடம் நைசாகப் போனார்.

"மாஸ்டர், ஒரு ரகசியம். தினைமாவுல மட்டும் கொஞ்சம் தேன் விட்டுடுங்க. யாருக்கும் தெரியக் கூடாது!"

கருத்தப்பாண்டிக்கு வாயெல்லாம் பல். "அப்படிச் சொல்லுங்க! தேன் இல்லாத சமையலுக்கு நான் எதுக்குன்னு நொந்துபோய் உட்கார்ந்திருந்தேன். விடியக்காலம் பாறைக்கூட்டுக்குப் போய் ஒரு குடுவை எடுத்துட்டு வந்துடறேன்!"

பாறைக்கூடு என்றதும் வேலப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், 'ஒரு குடுவைதானே, பொன்னாத்தாவுக்கு எங்கே தெரியப்போகிறது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பயம் வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் குறுக்கே ஓடும்.

கல்யாண நாள் விடிந்தது. மேளம் முழங்கியது. அடுப்படியில் ஒரே புகை. வேலப்பன் ஓடிப்போய், "மாஸ்டர், ஆச்சா?" என்று கேட்டார்.

"இனிப்பெல்லாம் தயார்! நீங்க போய் வந்தவங்களைக் கவனிங்க!" என்று விரட்டினார் கருத்தப்பாண்டி.

வந்தவர்களைப் பார்த்ததும் வேலப்பன் அப்படியே நின்றுவிட்டார். பொன்னாத்தா வந்திருந்தாள்! தனியாக இல்லை, கூட்டமே வந்திருந்தது. விடிவதற்குள் வந்து, பந்தல் கால்களில் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பரம்பரைக்கே இதுதான் முதல் கல்யாணச் சாப்பாடு வேலப்பா! கூட்டுல ஒரு காவல்கூட வைக்கலை, அத்தனை பேரும் வந்துட்டோம்!" என்று பொன்னாத்தா பூரித்துப்போய்ச் சொன்னாள்.

வேலப்பன் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. ஊசிமல்லி வேறு, மரியாதைக்காகப் பொன்னாத்தாவைச் சடையாண்டிக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார வைத்துவிட்டாள்! வாழைப்பூ வடை, பூசணிக் கூட்டு, வள்ளிக்கிழங்குப் பொரியல், தேங்காய்ப்பால் பாயசம் எல்லாம் வந்தன. பின்னாலேயே தினைமாவு உருண்டையும் வந்தது.

சடையாண்டி ஒன்றை வாயில் போட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதையும் போட்டார். பொன்னாத்தா அப்போதுதான் தன் இலையிலிருந்த உருண்டையில் ஒரு துணுக்குக் கிள்ளினாள்.

'ஐயோ, தன் வீட்டுத் தேன் அவளுக்குத் தெரியாமல் போகுமா? என் வாக்கை நம்பி வந்தவள் வாயில், அவள் வீட்டில் திருடியதையே போடுகிறேனே!' என்று பதறினார் வேலப்பன். கல்யாணமாவது, தாய்மாமனாவது! பந்திக்கு நடுவே பாய்ந்து ஓடினார்.

"தாயி, தொடாதீங்க! அதுல தேன் இருக்கு! மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து நான்தான் விடச் சொன்னேன். என் பொண்ணுக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க!"

மேளம் நின்றுவிட்டது. ஊசிமல்லி மாலையும் கையுமாக உறைந்துபோனாள். தேனீக்கள் மொத்தமும் ஒரே சமயத்தில் எழுந்தன.

"யாரு சொன்னது தேன் இருக்குன்னு?" என்று ஒரு குரல் வந்தது. கருத்தப்பாண்டி கரண்டியோடு வந்து நின்றார்.

"மாஸ்டர்! நீங்க எடுத்துட்டு வரலையா?"

"போனேன். பொய் சொல்ல மாட்டேன், குடுவையோடதான் போனேன்." கரடி தலையைச் சொறிந்துகொண்டார். "எத்தனையோ தடவை கொட்டு வாங்கிக்கிட்டே திருடியிருக்கேன். அப்பல்லாம் ஒண்ணும் தோணலை. இன்னைக்குக் கூட்டுல ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. நம்ம பந்திக்கு வர்றதுக்காக வீட்டை அப்படியே போட்டுட்டு வந்திருக்காங்க. எப்படிங்க கை வைக்கிறது? வெக்கமாப் போச்சு. திரும்பி வந்து பலாப்பழத்தைப் பிழிஞ்சு, கருப்பட்டி போட்டு உருட்டிட்டேன்."

பொன்னாத்தா உருண்டையை வாயில் வைத்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பலாப்பழம்தான்," என்றாள் அவள். "நல்லா இருக்கு!"

வேலப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மாஸ்டர், என் வயித்துல பால் வார்த்தீங்க!" என்று கட்டிக்கொண்டார். பால் வேண்டாம் என்ற வீட்டில் அந்த ஒரு பாலுக்கு மட்டும் விலக்கு! முள் குத்திக் கரடி 'ஆ!' என்று அலறினார்.

ஆனால் தாய்மாமன் இன்னும் தலையாட்டவில்லையே! சடையாண்டி எழுந்து நின்றார். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த தேனீக் கூட்டத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேன்னு நினைச்சுத்தான் மூணு உருண்டை தின்னேன். தேனில்லைன்னு எனக்கே தெரியலை. இதுக்குப் போய் சண்டை போட்டா ஊர் சிரிக்கும். அதுவும் இந்த அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் தேன் கேட்டா நல்லாவா இருக்கும்? ஆனா ஒண்ணு! பூசணிக் கூட்டுல உப்பு கம்மி!"

சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார். மேளம் பிய்த்து உதறியது. மாலை மாறியது. வேலப்பனுக்கு உப்பு கம்மி என்ற வார்த்தை அவ்வளவு இனிப்பாக இருந்தது!

மாலையோடு ஊசிமல்லி அப்பாவிடம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?"

"உன் கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேன் கண்ணு. உன்கிட்டயும் மறைச்சேன். தப்புதான்."

"கடைசியில நீங்களே ஓடி வந்து சொன்னீங்களே, அது போதும்," என்று அவர் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாள். பொன்னாத்தா தன் பக்கத்து இலையை அவருக்கு நகர்த்திக் கொடுத்தாள். வேலப்பன் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊர் வாய்க்குப் பயந்து, நம்பி வந்தவருக்குக் கொடுத்த வாக்கை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.