அசனத்துக்கு வராதவர்

தேரிக்காட்டு ஜெபவீட்டில் எப்சிபா அம்மாளுக்குச் சீடர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் அருமைநாயகம்தான் மூத்தவர். குருவைவிடப் பதினைந்து வயது கூட. பனையேறிகள் சங்கத் தலைவர். ஆறு நாள் செங்கொடி, ஏழாம் நாள் ஆராதனை என்று முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்.

இப்போது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கோயிலை விடு என்றது கட்சி. கட்சி அட்டையைத் திருப்பிக் கொடு என்றது சபை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“ரெண்டும் ஒண்ணாப் போகுமாம்மா?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை அசனம் வருது. அரிசி திரட்டுறது இந்த வருசம் உங்க பொறுப்பு, அண்ணாச்சி” என்றார் அம்மாள்.

அசனம் என்றால் சபை முழுக்க ஒரே உலையில் பொங்கி ஒரே பந்தியில் சாப்பிடுவது. அரிசிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆலய வாசலில் கடகம் என்கிற பெரிய ஓலைப்பெட்டி இருக்கும். மேலே துணி மூடியிருக்கும். துணிக்கடியில் கையை விட்டு அவரவர் அரிசியைப் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்க்கக் கூடாது.

அருமைநாயகம் முதல் வேலையாக அந்தத் துணியை உருவி எறிந்தார். பத்துப் பனை வைத்திருந்தால் ஒரு மரக்கால் அரிசி என்று விதித்தார்.

போன வருஷம் பாதிப் பந்தியோடு சோறு தீர்ந்துபோனது. இந்த முறை கடைசி ஆளுக்கும் இலை நிறைந்தது. மனிதருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“பாத்தீங்களாம்மா? ஆதி சபையில எல்லாம் பொதுவா இருந்துச்சே, அதே மாதிரி!”

அம்மாள் பந்தியை ஒருமுறை பார்த்தார். “தங்கையா முதலாளி எங்க?”

“வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்காரு.”

“ஏன்?”

“இருநூறு பனை வச்சிருக்காரு, ஒரு மணி அரிசி தர மாட்டேன்னுட்டாரு. நாலு பேரு போயி ரெண்டு மூட்டையைத் தூக்கிட்டு வந்துட்டோம்.” குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏறவும் செய்தது. “அவரு மனசு திறக்குற வரைக்கும் பசி காத்துக் கிடக்குமாம்மா?”

“கிடக்காது, அண்ணாச்சி.”

திட்டு விழும் என்று நினைத்தவருக்கு இது புதிராக இருந்தது.

“வருசா வருசம் அந்தத் துணிக்கடியில அவரு வெறுங்கையைத்தான் விட்டு எடுத்தாரு. எனக்குத் தெரியும்” என்றார் அம்மாள்.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? சனங்க பசியோட திரும்பிப் போனாங்களே!”

“ஆமா. அது என்மேல உள்ள பாவம்.” அம்மாளின் முகம் வாடியது. “ஆனா அவரு பந்திக்கு வந்து எல்லாரோடயும் உக்காருவாரு. இந்த வருசம் ரெண்டு மூட்டை வந்திருக்கு. அவரு வரல.”

அருமைநாயகம் சட்டைப்பையிலிருந்து கட்சி அட்டையை எடுத்தார். “அப்போ இதைக் கொடுத்துரணுமா?”

“அதை நான் கேக்கலியே.” அம்மாள் பந்தியின் நடுவே ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். “போயி அவரைக் கூப்பிடுங்க.”

“அவரு மூஞ்சியில நான் எப்படிம்மா முழிக்க?”

அம்மாள் இலையில் சோற்றை வைத்தார். அருமைநாயகம் நாலு எட்டு நடந்துவிட்டு நின்றார்.

“வரமாட்டேன்னு சொன்னா?”

“சொல்லட்டும், அண்ணாச்சி. நீங்க இலையை மட்டும் எடுத்துராதீங்க.”