அணில் கொடுத்த வெயில்

ஒரு காட்டில் கோடைதோறும் அருவி நூலாக இளைத்துவிடும். வெயில் மட்டும் இளைக்காது.

அந்த அருவியில் சக்கரம் வைத்து, யானை எல்லா வீடுகளுக்கும் கம்பியில் மின்சாரம் அனுப்பியது. கணக்குப் பார்த்தது நரி.

ஓர் அணில் தன் பொந்துக்கு மேல் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தியது. மழைக் காலத்தில் குட்டி போடும்போது பொந்து கதகதப்பாக இருக்க வேண்டுமே என்று அதற்குக் கவலை.

"கோடையில் உனக்கு மிஞ்சுவதை என் கம்பியில் விடு. மழையில் திருப்பித் தருகிறேன்" என்றது யானை.

அணில் விளக்கைக்கூடச் சிக்கனமாக எரித்து, மிச்சத்தையெல்லாம் கம்பியில் விட்டது. யானைக்குட்டியின் தொட்டிக்குக் கிணற்று நீர் ஏற்றும் மோட்டார் அதில்தான் ஓடியது.

ஐப்பசி பிறந்தது. மூன்று குட்டிகளும் பிறந்தன. வானம் மூடிக் கிடந்ததால் தகடு வெறும் தகடாகிவிட்டது. அணில் நரியிடம் போனது.

"நூறு பங்கு தந்திருக்கிறேன், நரியாரே."

"இருபத்தைந்து எடுத்துக்கொள், அணிலம்மா."

"மீதி?"

"நீ தந்தது வெயில் காலத்து மின்சாரம். சும்மா கொட்டிக் கிடப்பது. கேட்பது மழைக் காலத்து மின்சாரம். நாலுக்கு ஒன்று."

"கம்பிக்குள் இரண்டும் தனித்தனியாகவா ஓடுகின்றன?"

"கம்பியில் இல்லை. கணக்கில்."

அணில் யானையைப் பார்த்தது. யானை காதை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது.

இருபத்தைந்தும் பத்து நாளில் தீர்ந்தது. பிறகு அணில் தன் வால் மயிரைப் பிடுங்கிப் பரப்பி, குட்டிகள் மேல் கவிந்து கிடந்தது. மூன்றும் பிழைத்தன. வால்தான் குச்சியாகிவிட்டது.

அடுத்த கோடையில் அணில் கம்பியைக் கழற்றிவிட்டது.

அருவி வற்றியது. சக்கரம் நின்றது. மோட்டாரும் நின்றது. மூன்றாம் நாள் யானைக்குட்டிக்குப் பிளிறக்கூடத் தெம்பில்லை, முனகியது. அந்த முனகலைக் கேட்டு அணிலுக்குப் பொந்தில் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி வந்து கம்பியை மாட்டியது. மோட்டார் உறுமியது. குட்டி குடித்தது.

யானை மெல்ல அருகில் வந்தது. "இதற்கு எத்தனைக்கு எத்தனை, அணிலே?"

"நரியார் சொல்லட்டும். வெயில் காலத்து மின்சாரம்தானே? சும்மா கொட்டிக் கிடப்பது."

நரி தரையைப் பார்த்தது. யானை அந்தக் குச்சி வாலைப் பார்த்தது.

"இனி நூறுக்கு நூறு" என்றது. "போன வருஷத்து எழுபத்தைந்தும் சேர்த்து."

நீதி: வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி வைத்திருப்பவன், தனக்குத் தாகம் வரும்போது எந்தப் படியை நீட்டுவதென்று தெரியாமல் நிற்பான்.